சீல் குத்துவதற்கு முன் இருந்த ஃபைலைக் கொடுங்கள்

தேனி மாவட்டக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் அலுவலகத்தில் ஒரு சர்க்குலர் எப்படித் தயாராகிறது என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் டைப் செய்கிறீர்கள். பிரிண்ட் எடுக்கிறீர்கள். முதல்வர் கையெழுத்துப் போடுகிறார். வட்டச் சீல் விழுகிறது. பிறகு அந்தத் தாளை மேசையில் விரித்து, போனில் படம் பிடித்து, பி.டி.எஃப். ஆக்கி, துறைவாரியாக வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுகிறீர்கள். அதே பி.டி.எஃப். சாயங்காலத்துக்குள் கல்லூரி வெப்சைட்டிலும் ஏறிவிடுகிறது.

தொடங்கும்போது உங்கள் கையில் இருந்தது எழுத்து. முடிக்கும்போது அனுப்பியது எழுத்தின் போட்டோ. பார்வை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பார்வையில்லாத உங்கள் மாணவர் அதைத் திறந்தால், அவருடைய போனில் திரையைப் படித்துக் காட்டும் டாக்பேக் 'படம்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்திருந்தால் அது பக்கமே காலி என்று சொல்லும். இன்டர்னல் தேர்வுத் தேதி, ஃபீஸ் கட்டக் கடைசி நாள், ஸ்காலர்ஷிப் படிவம் கொடுக்கும் இடம் எல்லாம் அந்தக் காலிப் பக்கத்துக்குள் கிடக்கும்.

தேக்கடியில் மலையைக் குடைந்து இறக்கிய தண்ணீர் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று எல்லாம் தாண்டி வந்து, வயலுக்குப் பக்கத்து மடையில் அடைபட்டு நின்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடக்கிறது. இந்த மடையை வெளியாள் யாரும் அடைக்கவில்லை. நீங்களேதான், அதுவும் கூடுதலாக நாலு வேலை செய்து, அடைக்கிறீர்கள்.

நான் உத்தமபாளையத்தில் டி.டி.பி. கடை வைத்திருப்பவன். உங்களில் பலர் வினாத்தாள் அடிக்கவும், கருத்தரங்க அழைப்பிதழ் போடவும், பிராஜெக்ட் பைண்டிங் செய்யவும் என் கடைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் மாணவர்களும் வருகிறார்கள். வெள்ளைக்கோலோடு வரும் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வருவதில்லை. போனை நீட்டி, "அண்ணே, இதுல என்ன போட்ருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே" என்கிறார்கள். அந்தப் போன்தான் அவர்களுக்குச் செய்தி படித்துக் காட்டுகிறது, பேங்க் மெசேஜைச் சொல்கிறது, நண்பன் அடித்த கேலியைக்கூட விடாமல் வாசிக்கிறது. காலேஜ் அனுப்பியதைப் படிக்க மட்டும் கடைக்காரன் தேவைப்படுகிறான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி. பெயர் எதற்கு? பி.காம். படிக்கும் மாணவி, பார்வை மிகக் குறைவு. இன்டர்னல் தேர்வை ஒரு நாள் முன்னதாக மாற்றி ராத்திரி குரூப்பில் சர்க்குலர் போட்டார்கள். போட்டோ பி.டி.எஃப்.தான். விடுதியில் அறைத்தோழி அன்று ஊருக்குப் போயிருந்தாள். காலையில் வகுப்புக்குப் போனால் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. "குரூப்ல போட்டோமே, பாக்கலையா?" என்று கேட்டிருக்கிறார் ஆசிரியர். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கேள்வியில் என்ன தப்பு என்பதே அவருக்கு உறைக்கவில்லை. மறுதேர்வு வைத்தார்கள், அதற்காக அந்தப் பெண் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை என் கடையில்தான் டைப் செய்தோம். மன்னிப்பு யார் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

போட்டோ ஒரு பிரச்சினை என்றால், எழுத்துரு இன்னொன்று. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழ்த்துறை, வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் பலர் பாடக்குறிப்பை வேர்டு ஃபைலாகவே கொடுக்கிறார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஃபைல் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கிறது. இந்தப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுபவை. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவதற்கு உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஸ்கிரீன் ரீடர் போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். சிலப்பதிகாரக் காதைச் சுருக்கம் முழுவதும் "ஜேகேபிஓ" பாஷையில் ஒலித்தால் பிள்ளை என்ன படிப்பாள்? யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பழைய ஃபைலைச் சில நொடிகளில் மாற்றித் தரும். இருபது வருடமாகச் சேர்த்து வைத்த நோட்ஸ் வீணாகிவிடுமே என்று யாரும் பதற வேண்டாம். ஒரு பென்டிரைவில் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருகிறேன். நம் ஊரில் இந்த வேலை தெரிந்த மற்ற கடைக்காரர்களும் செய்வார்கள்.

வணிகவியல்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். இருப்பாய்வு டைப் செய்யும்போது உங்களில் பாதிப்பேர் ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டித்தான் பற்றுக்கும் வரவுக்கும் இடம் ஒதுக்குகிறீர்கள். பேப்பரில் நேராக நிற்கும். காதில் கேட்டால், "ரொக்கம் 12,000 கடனீந்தோர் 8,500 வாடகை" என்று ஒரே மூச்சில் ஓடும். 8,500 எந்தப் பக்கத்து எண் என்று தெரியாமல் எப்படிக் கணக்கைச் சமன் செய்வது? வேர்டில் 'இன்சர்ட் டேபிள்' போட்டு, முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறித்துவிட்டால், ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் 'பற்று' அல்லது 'வரவு' என்று சொல்லிவிட்டுப் படிக்கும். தலைப்புகளுக்கும் அப்படித்தான். தடித்த எழுத்தில் பெரிதாக்கி வைத்தால் அது கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. 'ஹெடிங்' என்று குறித்தால், அறுபது பக்க நோட்ஸிலும் எச் விசையைத் தட்டித் தட்டி மூன்றாம் அலகுக்குத் தாவிவிடலாம். நீங்கள் ஒரு புரட்டில் செய்வதை அந்தப் பிள்ளையும் செய்ய அவ்வளவுதான் தேவை.

செலவு ஆகுமே என்று சொல்வீர்கள். என்.வி.டி.ஏ. இலவசம். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற இன்னோர் ஆஸ்திரேலியரோடு சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். விலை கட்டுப்படியாகாதவர்கள் கையிலும் கம்ப்யூட்டர் பேச வேண்டும் என்றுதான் எழுதினார்கள். தமிழையும் வாசிக்கும். டாக்பேக் ஆண்ட்ராய்டு போனோடு சேர்ந்தே வருகிறது. ஆக மாணவர் பக்கத்துச் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. உங்கள் பக்கத்துச் செலவு, ஸ்கேன் செய்யாமல் இருப்பது.

"இப்போதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே, போட்டோவைக் காட்டினால் அதுவே படித்துச் சொல்கிறதே" என்று ஓர் இளம் ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கூகுள் லென்ஸும் மற்றவையும் நன்றாகத்தான் படிக்கின்றன, தாள் நேராக இருந்தால், நிழல் விழாமல் இருந்தால், சீல் எழுத்தின் மேல் குந்தாமல் இருந்தால். தேர்வு அட்டவணையை அதில் காட்டிப் பாருங்கள். சாய்ந்த ஸ்கேனில் தேதி ஒரு வரிசைக்கும் பாடக் குறியீடு அடுத்த வரிசைக்கும் நழுவிவிடும். 3 சில நேரம் 8 ஆகும். கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்து மாறினால் பெரிதில்லை, ஹால் டிக்கெட்டில் மாறினால் ஒரு செமஸ்டர் போகும். மாணவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று ஏன் விட வேண்டும், சரியான எழுத்து உங்கள் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும்போது?

இதையெல்லாம் விட அதிகமாக நான் கேட்கும் பதில் ஒன்று உண்டு. "எங்க காலேஜ்ல அப்படிப் பிள்ளைகளே இல்லையே சார்." இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். அவர்களில் ஒருவர்கூட வருசநாட்டிலும் கடமலைக்குண்டிலும் சின்னமனூரிலும் கல்லூரி வயதில் இல்லையா? மதுரைக்குப் பக்கத்தில் சுந்தரராஜன்பட்டியில், பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் பள்ளி நடத்துகிறது. அதுபோன்ற பள்ளியில் பிரெய்லும் கம்ப்யூட்டரும் கற்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஊர் திரும்பும் பிள்ளை, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியை விட்டுவிட்டு மறுபடி மதுரைக்கே பஸ் ஏறுகிறாள் என்றால், உங்கள் வகுப்பில் அவள் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். படி ஏறிப் பார்த்துத் திரும்பிப் போனவர்களை வருகைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இருப்பவர்களையும் உங்களுக்குத் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. எழுத்தைக் கோத்துப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அந்தக் குறைபாடுள்ள பையன் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டான். 'மக்கு' என்ற பட்டத்தோடு பள்ளியைத் தாண்டி வந்திருப்பான். அவனுக்கு நோட்ஸைக் காதில் கேட்டால் ஏறும். கேட்க அது எழுத்தாக இருக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ள பெண், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவள், போட்டோவைப் பெரிதாக்கினால் வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளித் தள்ளியே களைத்துப்போவாள். எழுத்தாக இருந்தால் திரை அகலத்துக்குத் தானே மடங்கிக்கொள்ளும். எந்தக் குறையும் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி பக்கம் போகும் பெண், போனில் நோட்ஸைப் படிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். மேகமலை அடிவாரத்தில் ஒரு கட்டை சிக்னலை வைத்துக்கொண்டு நாற்பது பக்க ஸ்கேனை இறக்கப் போராடும் பையனுக்கு, எழுத்து ஃபைல் கண் இமைப்பதற்குள் இறங்கிவிடும்.

மதுரையைச் சேர்ந்த, பார்வையில்லாத பூர்ண சுந்தரி 2019ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் அகில இந்திய அளவில் 286ஆம் இடம் பிடித்தபோது நாம் எல்லோரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தோம். பெற்றோரும் நண்பர்களும் புத்தகங்களை வாசித்துக் காட்டித்தான் அவர் படித்தார் என்று பெருமையாகப் பேசினோம். எனக்கு அதில் பெருமையோடு எரிச்சலும் உண்டு. வாசித்துக் காட்ட ஆள் கிடைத்த ஒருவர் மேலே வந்தார். கிடைக்காதவர்களைப் பற்றி ஸ்டேட்டஸ் வைக்க நமக்கு எதுவும் தெரியாது.

கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வரும் வருடம் மட்டும் எல்லாம் நடக்கிறது. நாக் படிவத்தின் ஏழாம் பகுதியில் சாய்தளம், கழிப்பறை, ஸ்கிரீன் ரீடர், படிக்கும் பாடங்களின் சாஃப்ட் காப்பி எல்லாம் கேட்கிறார்கள். நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. ஏற்றி, பக்கத்தில் ஒரு மாணவரை உட்கார வைத்து, இடமும் நேரமும் பதியும் கேமராவில் படம் எடுத்து, அந்தப் படங்களை எல்லாம் பிரிண்ட் போட்டு, சீல் குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை ஸ்கிரீன் ரீடரால் படிக்க முடியாது. குழு போன பிறகு அந்தக் கம்ப்யூட்டர் அட்மிஷன் வேலைக்குப் போய்விடும். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, அந்த ஃபைல்களுக்கு ஸ்பைரல் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுவது என் நோக்கமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். நான் மேலே சொன்ன சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு வடிவில் வரும் உள்ளடக்கம் எல்லாம் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. 16ஆம் பிரிவு அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற ஒவ்வொரு கல்வி நிறுவனத்தையும் உள்ளே இழுக்கிறது, சுயநிதிக் கல்லூரிகளும் தப்ப முடியாது. 32ஆம் பிரிவு, அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 சதவீத இடத்தை ஒதுக்கச் சொல்கிறது. இடத்தை ஒதுக்கிவிட்டு நோட்ஸை ஒளித்து வைத்தால் அது என்ன ஒதுக்கீடு? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நம் மாநிலத்திலிருந்து போன நீதிபதி ஆர். மகாதேவன். அந்த வழக்கு வங்கிக் கணக்கு தொடங்க கேமரா முன் கண் சிமிட்டச் சொல்வதைப் பற்றியது. வங்கிக்குச் சொன்னது வகுப்பறைக்குப் பொருந்தாது என்று வாதாட உங்களில் யாரும் ஆசைப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

காப்பிரைட் பயமும் வேண்டாம். பாடநூலை ஸ்கிரீன் ரீடர் படிக்கும் வடிவில் மாற்றி, பார்வையில்லாத மாணவருக்கு லாபமின்றிக் கொடுக்க காப்பிரைட் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது. இதற்கென்று உலக அளவில் செய்துகொண்ட மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதன்முதலாக உறுதி செய்த நாடே இந்தியாதான்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான வகுப்பு வீடியோக்களை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருந்தது. காது கேளாதோரால் அவற்றைப் பின்தொடர முடியவில்லை என்று புகார் போய், சரிசெய்யச் சொல்லி 2016இல் அந்நாட்டு அரசின் நீதித் துறையிடமிருந்து கடிதம் வந்தது. 2017இல் பல்கலைக்கழகம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. வசனவரி போடுவதைவிட மூடிவிடுவது சுலபம் என்று தோன்றியிருக்கும். நம் ஊரில் இந்த மடலைப் படித்துவிட்டு யாராவது "அப்படின்னா வெப்சைட்ல எதுவுமே போட வேண்டாம், நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவோம்" என்று முடிவெடுத்தால் அதுவும் அதே காரியம்தான். பழையது அத்தனையையும் நாளைக்கே மாற்றுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

என்ன கேட்கிறேன் என்றால், அலுவலக நண்பர்களே, கையெழுத்தும் சீலும் உள்ள ஸ்கேனை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், அதோடு டைப் செய்த ஒரிஜினல் ஃபைலையும் போடுங்கள். கையெழுத்தில்லாத ஃபைலை யாராவது திருத்திவிடுவார்கள் என்று பயமிருந்தால், வேர்டிலிருந்தே நேராக 'சேவ் ஆஸ் பி.டி.எஃப்.' கொடுத்துவிடுங்கள், எழுத்து எழுத்தாகவே இருக்கும். அதுவும் முடியாத அவசரம் என்றால் சர்க்குலரின் நாலு வரியை வாட்ஸ்அப்பிலேயே டைப் செய்து அனுப்புங்கள். ஆசிரியர்களே, அடுத்த செமஸ்டருக்கு நீங்கள் புதிதாக எழுதும் நோட்ஸை மட்டுமாவது யூனிகோடில் எழுதுங்கள். பிபிடியில் படம் வைத்தால் அது என்ன படம் என்று ஒரு வரி சேருங்கள். வகுப்பில் வீடியோ போட்டால், காது கேளாத பிள்ளைக்கு அதில் பேசுவது எழுத்தாகவும் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநில அரசின் 'நான் முதல்வன்' வகுப்புகளும் ஆன்லைனில் வருகின்றன, அங்கே தடுமாறும் மாணவரை "நெட் சென்டர்ல போய்க் கேட்டுக்க" என்று என்னிடம் அனுப்பாமல், உங்கள் ஒருங்கிணைப்பாளர் மூலம் மேலே எழுதுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்கள், பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் எழுத்து வடிவில் வர வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்களைப் போன்றவர்கள் கேட்காமல் அங்கே எதுவும் அசையாது.

1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரி வந்ததால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் பட்டதாரி கிடைத்தார். பக்கத்தில் ஒரு கல்லூரி இருப்பது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பலரே அந்த முதல் பட்டதாரிகள்.

ஜூனில் கல்லூரி திறக்கும்போது முதல் சர்க்குலர் ஒன்று போடுவீர்கள் அல்லவா, அதிலிருந்து தொடங்குங்கள். ஒரிஜினல் ஃபைலை அனுப்பிவிட்டு, மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பொதுவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "யார் போனாவது இதைப் படிக்கவில்லையா?" கை தூக்கத் தயங்குவார்கள், தனியாக வந்து சொல்லலாம் என்றும் சொல்லுங்கள். ஒருவர் வந்து சொன்னாலும், அந்த ஃபைலை அன்றைக்கே சரிசெய்து திரும்ப அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டி.டி.பி. கடைக்காரன்